இருநூற்றுப் பன்னிரண்டு நிரந்தர ஆலோசகர்கள்

மெர்லிமாவ் வட்டார முன்னாள் தோட்டத்தார் பேரவை தன் கடிதங்களைத் தானே நம்பியதில்லை. எந்த அறிவிப்பானாலும் நான்கு விதமாக வெளியிடும்: தாளில், இணையத்தில், வாட்ஸ்அப்பில், கண் மங்கிய மூத்த உறுப்பினர்களுக்காகப் பெரிய எழுத்தில். பிறகு நான்கையும் மேசையில் பரப்பி வைத்து எது பொய் சொல்கிறது என்று பார்க்கும். தாளில் வியாழக்கிழமை என்றிருந்த கூட்டம் வாட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமையாகியிருக்கும். ஒரு வருடம் இரண்டு நாளும் கூட்டம் நடந்தது. இரண்டிலும் தீர்மானங்கள் நிறைவேறின. எது உண்மையான கூட்டம் என்று முடிவு செய்ய மூன்றாவதாக ஒரு கூட்டம் போட்டார்கள்.

காந்தன் இதற்குள் வந்து விழுந்தது ஒரு பட்டியலால்.

கெலாடித் தோட்டம் மெர்லிமாவிலிருந்து எட்டாவது கட்டையில், எட்டு மைல் தள்ளி இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது ஒரு வீடமைப்பு நிறுவனம் வந்திருந்தது. தோட்டத்தின் கிழக்கு மூலையில் இடுகாடு. நிறுவனம் மரியாதையாகவே எழுதியிருந்தது. பட்டியலில் பெயருள்ள குழிகளைச் சுற்றி வேலி போடுவோம். பெயரில்லாதவை வெறும் மேடாகக் கருதப்பட்டுச் சமப்படுத்தப்படும். பட்டியல், பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் முத்திரையோடு இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வரவேண்டும். தனி ஆள் கொடுக்கும் பட்டியல் ஏற்கப்படாது.

காந்தனின் மாமனார் சாமிக்கண்ணு மூன்று வாரம் அங்கே பாராங்கத்தியோடு நின்று லாலாங் புல்லை வெட்டினார். கல் இருந்த குழியில் பெயரைப் படித்தார். கல் இல்லாத குழியில் நினைவைக் கிளறினார். எல்லாவற்றையும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயர் வாணி. அவருடைய மகள், காந்தனின் மனைவி. இரண்டு வருடங்களுக்கு முன் காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்குக் கிளம்பினாள். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. அவள் அம்மாவின் குழிக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டும் என்று சாமிக்கண்ணு சொன்னார். காந்தன் சரி என்றான். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் பேரவைத் தலைவர் சேவைச் செம்மல் கணேஸ்வரன் சொன்னதற்கும் சரி என்றான்.

"பட்டியலைப் பேரவை நூல்ல சேர்த்துக்கிறோம், தம்பி. பொன்விழா மலர் வருது. கடைசியில ஒரு இணைப்பாப் போட்டுடலாம். ஆனா நீ பத்து பெரண்டாம் கம்பெனியில மெஷினுக்கு மேனுவல் பண்றியாமே? ஒரே ஃபைல்ல இருந்து எல்லாத்தையும் எடுக்கிற சிஸ்டம் இருக்காமே? அதை எங்களுக்குச் செஞ்சு குடு."

"சரிங்க."

அன்றே அவனை ஆவணப் பொறுப்பாளராக நியமித்தார்கள். நியமனக் கடிதம் நான்கு விதமாக வந்தது. ஒன்றில் அவன் பெயர் காந்தம் என்றிருந்தது.

*

முதல் கூட்டத்தில் அவன் விளக்கினான். எழுதுவது ஒரு மூலக் கோப்பு. அதில் இது தலைப்பு, இது பெயர், இது படம் என்று குறி மட்டும் இருக்கும். அது தாளில் எப்படி வரவேண்டும், வாட்ஸ்அப்பில் எப்படி வரவேண்டும் என்பதை ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் இருக்கும் ஒரு சின்ன நிரல் முடிவு செய்யும். அதன் பெயர் பேக்-எண்ட். நமக்குத் தேவையானபடி அதை மாற்றிக்கொள்ளலாம்.

மண்டபத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேரும் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"இப்ப தேத்தண்ணிக் கடையில ஒரே சட்டியில போட்டதை ஒருத்தருக்குக் கிளாஸ்ல ஊத்துறாங்க, இன்னொருத்தருக்குப் பையில கட்டிக் குடுக்குறாங்க. தேத்தண்ணி ஒண்ணுதான்" என்றான் காந்தன்.

இருளாண்டி எழுந்தார். முன்னாள் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. ஐம்பது வருடம் ஆள்களை எண்ணிப் பழகிய கண். பேரவை அவருக்குப் பண்பின் சிகரம் என்ற பட்டம் கொடுத்திருந்தது.

"அப்ப பையில கட்டுறவன் சீனியைக் கொறைச்சுப் போட்டான்னா கிளாஸ்ல குடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க, அங்கிள். அதுக்குத்தான் ஒரே மூலம்..."

"தெரியாதுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. மினிட்ஸ்ல எழுதுங்க."

செயலாளர் சமூகச் சுடர் உஷாராணி எழுதிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, எழுத்தராக இருந்தவர். அவர் எழுதினால் அது நடந்தது. எழுதாவிட்டால் நடக்கவில்லை.

பேக்-எண்டைக் கூட்டத்தில் காட்டவேண்டும் என்று தீர்மானம் வந்தது. காந்தன் நிரலைச் சுவரில் காட்டினான். இருளாண்டி ஒவ்வொரு வரியையும் கைப்பேசியில் படம் எடுத்தார். ஒரு வளைந்த அடைப்புக்குறியைச் சுட்டி, அது யாரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது என்று கேட்டார். யாரையும் இல்லை, அது எழுத்தளவு என்றான் காந்தன். யாருடைய எழுத்தளவு என்றார் இருளாண்டி. தலைவர் பெயரின் எழுத்தளவு என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். ஆனால் முகம் தெளியவில்லை.

நான்கு பேக்-எண்டுகளுக்கும் நான்கு துணைக்குழுக்கள் அமைந்தன. நான்குக்கும் தனித்தனித் தலைவர்கள். ஒருவர் வடிவத்தில் இன்னொருவர் படம் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறதா என்று அளக்க இரண்டு அடிக்கோல்கள் வாங்கப்பட்டன. நான்கு துணைக்குழுக்களையும் கண்காணிக்க வடிவக் கண்காணிப்புக் குழு. அதற்கு இருளாண்டி தலைவர்.

"ஒண்ணு சொல்லிடுறேன்" என்றார் அவர். "எங்க குழு வடிவத்தைத்தான் பார்க்கும். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல. உள்ளே பார்த்தா பாரபட்சம் வந்துரும்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

*

பதினைந்தாம் தேதி பொன்விழா மலரின் முன்னோட்டத்தை வாட்ஸ்அப்பில் விட்டார்கள். பத்து நிமிடத்தில் காந்தனுக்கு அழைப்பு வந்தது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க தம்பி? ஒடனே மண்டபத்துக்கு வா லா" என்றார் உஷாராணி.

போனான். யாரோ செத்துவிட்டது போலிருந்தது மண்டபம். பட்டங்களைக் காந்தன் பெயருக்குமேல் ஒரு தனி அலங்காரமாகக் குறித்திருந்தான். அலங்காரத்துக்கு வாட்ஸ்அப்பில் இடமில்லை. அதனால் அந்த வடிவத்தில் மட்டும் பட்டங்கள் உதிர்ந்துவிட்டன. நானூறு பேருடைய கைப்பேசிகளில் தலைவர், வெறும் கணேஸ்வரன் என்று போய்ச் சேர்ந்திருந்தார்.

தலைவர் எழுந்து பேசினார். குரல் தழுதழுத்தது.

"நான் பட்டத்துக்கு ஆசைப்படறவன் இல்ல. இந்தப் பேரவைக்கே தெரியும். சேவைச் செம்மல்னு எனக்கு நானே முன்மொழிஞ்சப்பகூட ரெண்டு தடவை மறுத்தேன். மூணாவது தடவை முன்மொழிஞ்சப்பதான் ஏத்துக்கிட்டேன். அதுவும் உங்க மனசு நோகக் கூடாதுன்னு. இன்னிக்கு என் பேத்தி கேக்குறா, தாத்தா, ஒங்களைப் பதவியிலேர்ந்து எப்ப நிப்பாட்டுனாங்கன்னு. என்னால பதில் சொல்ல முடியல. இது எனக்கு நடந்த அவமானம் இல்ல. சேவைக்கு நடந்த அவமானம்."

சிலர் கண்ணைத் துடைத்தார்கள். துடைப்பதைத் தலைவர் பார்க்கிறாரா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்குப் பின்னால யாரோ இருக்காங்க" என்றார் இருளாண்டி. "பேக்-எண்டுன்னு பேரு வச்சப்பவே எனக்குத் தெரியும்."

தீர்மானம் எண் பதினான்கு அன்றே நிறைவேறியது: பட்டமில்லாத பெயர் பேரவையின் எந்த வடிவத்திலும் வெளிவரக் கூடாது. பட்டம் உதிர்ந்தால் பெயரும் கூடவே உதிரவேண்டும். மொட்டையாக நிற்பதைவிட நிற்காமல் இருப்பது கௌரவம்.

காந்தன் கையைத் தூக்கினான். "பட்டமே இல்லாதவங்க?"

உஷாராணி பேனாவை நிறுத்தினார். "பேரவையில பட்டம் இல்லாதவங்க யாரு இருக்கா? இருபத்திரண்டு பேரு. இருபத்திரண்டு பேருக்கும் குடுத்தாச்சு."

"சரிங்கக்கா."

வீட்டுக்குப் போய் எழுதினான். நான்கு வடிவங்களுக்கும் பொதுவான இடத்தில் மூன்று வரி. பெயர் என்ற குறி வருகிறதா, பார். அதில் பட்டம் இருக்கிறதா, பார். இல்லையென்றால், பெயரை விட்டுவிடு. சுத்தமான நிரல். தொழிற்சாலையில் இதைவிடக் கடினமானதை எழுதியிருக்கிறான். எழுதும்போது அவன் மனத்தில் எதுவும் ஓடவில்லை. அப்படி எழுதுவதுதான் இந்த இரண்டு வருடமாக அவனுக்கு வசதியாக இருந்தது.

*

இருபத்துநான்காம் தேதி வடிவக் கண்காணிப்புக் குழு மலரைப் பரிசோதித்தது. நூற்றிருபத்துநான்கு பக்கங்கள். தலைவர் வாழ்த்துரை, செயலாளர் வாழ்த்துரை, நான்கு துணைக்குழுத் தலைவர்களின் வாழ்த்துரைகள், வாழ்த்துரை வழங்கியவர்களுக்கு நன்றியுரை, நன்றியுரைக்கு ஏற்புரை. இருளாண்டி அடிக்கோலோடு பக்கம் பக்கமாகப் போனார். கடைசி ஆறு பக்கங்களுக்கு வந்ததும் நின்றார். முகத்தில் முதன்முறையாகச் சந்தேகம் இல்லை.

"இதுதான் லா வேலை. பார்த்தியா? எவ்வளவு சுத்தம்!"

காந்தன் எட்டிப் பார்த்தான். இணைப்பு ஆ: கெலாடித் தோட்ட இடுகாடு. அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்கள் நேர்க்கோட்டில் இறங்கின. எண்களுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"அங்கிள், பேரு வரல."

"எண் வந்திருக்குல்ல?"

"எண் வந்திருக்கு. பேரு இல்ல."

"பக்கம் கொறையல. ஓரம் சரியா இருக்கு. பேருங்கிறது உள்ளடக்கம் தம்பி. அது எங்க வேலை இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

அவர் நிரலின் அச்சுப் பிரதியில் முத்திரை குத்தினார். வடிவம் சரி. பேக்-எண்ட் மாறாதவரை இந்த அங்கீகாரம் செல்லும் என்று கீழே கையெழுத்திட்டார். ஒவ்வொரு தடவையும் வந்து குத்த முடியாது என்று மலருக்காக அச்சடித்திருந்த ஐம்பது மேலட்டைகளிலும் முன்கூட்டியே பேரவை முத்திரை போட்டுக் காந்தன் கையில் கொடுத்தார்.

காந்தன் உஷாராணியிடம் போனான். அந்த மூன்று வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். தீர்மானம் போடச் செயற்குழு போதும், திரும்பப் பெறப் பொதுக்கூட்டம் வேண்டும், அதற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றார் அவர்.

"முப்பதாம் தேதி கடைசி நாளுக்கா."

"தெரியும் தம்பி. அதான் ரூல். ரூல் இல்லன்னா பேரவை ஏது?"

மறுநாள் ஆயர் குரோவுக்குப் போனான். தலைவருக்கு அங்கே ஒரு லாரி நிறுவனம் இருந்தது. அறைச் சுவரில் நான்கு படங்கள். நான்கிலும் அவரே அவருக்குப் பொன்னாடை போர்த்துவது போலிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் போர்த்துகிற கை வேறொருவருடையது என்று தெரியும்.

"செத்தவங்க பேரைப் போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே தம்பி" என்றார். "பட்டமில்லாதவங்க பேரைத்தான் போடக் கூடாதுன்னோம்."

"அமரர்னு சேர்த்துக்கலாமா?"

"அது பட்டமா? அது நெலைமை." கொஞ்சம் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கண் சுருங்கியது. "இந்தப் பட்டியல்ல ஒனக்குச் சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?"

"என் சம்சாரம்."

"அதானே பார்த்தேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார். "தப்பா நெனைக்காத. ஆவணப் பொறுப்பாளரே தன் குடும்பத்தை ஆவணத்துல சேக்கிறதுன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நான் பேச மாட்டேன். ஆனா இதை விசாரிக்க ஒரு குழு போட்டுடுறேன். ஒன் நல்லதுக்குத்தான். பசியாறிட்டியா?"

"ஆச்சுங்க."

ஆகவில்லை.

*

சாமிக்கண்ணுவின் வீடு மெர்லிமாவ் பாசாருக்குப் பின்னால். காந்தன் அந்த ஆறு பக்கங்களையும் மேசைமேல் வைத்தான். கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து இறங்கினார். வெறும் எண்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது.

"இது காளிமுத்து. பாம்பு கடிச்சுச் செத்தவன். இது முத்தாயி, புள்ள பெத்து மூணாம் நாளு. இது யாருன்னு தெரியுமா, நூத்தி நாப்பத்தி மூணு? பெத்தம்மா. ஒங்க தலைவரோட ஆத்தா. மண்ணெண்ணெய் வெளக்குல அவனைப் படிக்க வச்சிச்சு. அவன் அந்தப் பக்கம் வந்து இருபது வருசம் ஆச்சு. குழி எதுன்னு கேட்டா முழிப்பான்."

விரல் கடைசி எண்ணில் வந்து நின்றது.

"என் நோட்டுல பேரு இருந்துச்சே மாப்பிள்ளை."

"ஃபைல்லயும் இருக்கு மாமா. வெளிய வரல."

"யாரு எடுத்தது?"

பேரவை என்று சொல்லலாம். தீர்மானம் பதினான்கு என்று சொல்லலாம்.

"நாந்தான் மாமா."

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றினார். மருமகனை அவர் சந்தேகத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சொன்னாங்க, செஞ்சியாக்கும்."

"ஆமா."

"வாணிகூட அதான் சொல்லும், இவரு யாரு எதைச் சொன்னாலும் தலையாட்டுவாருன்னு. அப்ப நான் ஒன் பக்கம் பேசுனேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். காந்தன் பையிலிருந்து பேரவையின் சட்டவிதிப் புத்தகத்தை எடுத்தான். பொறுப்பேற்றபோது கொடுத்தது. நான்கு வடிவங்களில் கொடுத்திருந்தார்கள். பெரிய எழுத்தில் இருந்ததைத் திறந்தான்.

ஒன்பதாம் விதியில் பட்டங்கள் இருந்தன. செம்மலுக்குப் பொதுக்கூட்டம் வேண்டும். சுடருக்குச் செயற்குழு வேண்டும். சிகரத்துக்கு இரண்டும் வேண்டும். கடைசியில் ஒரு சின்ன உட்பிரிவு. விருந்துகளில் திடீரென மேடையேறிவிடும் பிரமுகர்களுக்குக் கையோடு கொடுக்க ஒரு பட்டம் தேவைப்பட்டிருக்கிறது. நிரந்தர ஆலோசகர். இதற்குக் கூட்டம் வேண்டாம். ஆவணப் பொறுப்பாளர் ஏட்டில் பதிந்தால் போதும். பெறுபவர் நேரில் வந்து மறுக்காதவரை செல்லும்.

காந்தன் அதை இரண்டு தடவை படித்தான். நோட்டை விரித்துக் கணினியைத் திறந்தான். பேக்-எண்டைத் தொடவே இல்லை. மூலக் கோப்பில் ஒவ்வொரு பெயரிலும் பட்டம் என்ற இடத்தை நிரப்பினான். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்துப் படித்து அடித்தான். சாமிக்கண்ணு நடுவில் வந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பெயரை நோட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

வடிவம் மாறவில்லை. பக்கம் நூற்றிருபத்துநான்கு. முத்திரை குத்திய மேலட்டையை வைத்துக் கட்டி, இருபத்தெட்டாம் தேதி நிறுவனத்தின் அலுவலகத்தில் கொடுத்தான். அங்கே இருந்த பெண் ஆறு பக்கங்களையும் எண்ணினாள்.

"அடேயப்பா, எல்லாருமே பெரிய ஆளுங்களா இருக்காங்களே, அண்ணே" என்றாள். மரியாதையாக எழுந்து நின்று பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் வேலி வந்தது. பச்சைக் கம்பி வேலி. சாமிக்கண்ணு மோட்டாரில் போய்ச் சுற்றிப் பார்த்து, நான்கு மூலையிலும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். மருமகனுக்குத் தொலைபேசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"இறுக்கமாத்தான் இருக்கு."

*

மலர் நான்கு வடிவங்களிலும் வெளியானது. வாழ்த்துரைகளை வழக்கம்போல் யாரும் படிக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் யாரோ கடைசிப் பக்கங்களைத் திறந்துவிட்டார்கள். பேரவையில் தேர்தல் வரும் வருடம் அது. இருநூற்றுப் பன்னிரண்டு புதிய நிரந்தர ஆலோசகர்கள். தலைவர் இதை இருளாண்டியின் வேலை என்று நினைத்தார். இருளாண்டி தலைவரின் வேலை என்று நினைத்தார். இரண்டு பேரும் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் கும்பிடு படம் மட்டும் அனுப்பிக்கொண்டார்கள்.

அவசரப் பொதுக்கூட்டம். பதினான்கு நாள் முன்னறிவிப்போடு. மண்டபம் ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்தது. அதே பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் சாமிக்கண்ணு. படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் காந்தன்.

"இந்தப் பட்டங்களை ரத்து செய்யணும்" என்று தலைவர் தொடங்கினார். "யாரு இவங்க? எந்தக் கிளை? யாரு அறிமுகப்படுத்துனது? ஒருத்தராவது சந்தாப் பாரம் நிரப்பியிருக்காங்களா?"

"இவங்கள்லாம் செத்தவங்க, தலைவரே" என்றார் உஷாராணி. "இடுகாட்டுப் பட்டியல்."

எல்லோரும் மலரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்கள்.

"அப்ப ஓட்டுப் போட மாட்டாங்க" என்றார் தலைவர். முகத்தில் லேசாக நிம்மதி வந்தது.

"போட மாட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் இருளாண்டி. "எங்கெங்கேயோ போடுறாங்களே."

உஷாராணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அது அப்புறம். முதல்ல கூட்டம் செல்லுமான்னு பார்க்கணும். பட்டம் உள்ளவங்கள்ல மூணுல ஒரு பங்கு வந்திருக்கணும். நேத்துவரை இருபத்திரண்டு பேரு, எட்டுப் பேரு வந்தாப் போதும். இப்ப இருநூத்தி முப்பத்திநாலு பேரு. எழுபத்தெட்டுப் பேரு வேணும்."

எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பதுதான்.

"சரி, அவங்களை நீக்கிட்டு எண்ணுங்க" என்றார் தலைவர்.

"நீக்கக் கூட்டம் வேணும்."

"கூட்டம்தானே நடக்குது?"

"எழுபத்தெட்டுப் பேரு வந்தாத்தான் இது கூட்டம். இப்ப இது பத்தொன்பது பேரு ஒரு இடத்துல ஒக்காந்திருக்கிறது."

தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா கலைச்சுட்டு இன்னொரு நாளு வைங்க."

"கலைக்கவும் ரூல் இருக்கு. லீவு எழுதிக் குடுக்காம வராதவங்க பேரை ஒண்ணொண்ணா மூணு தடவை கூப்பிடணும். ஏன் வரலன்னு எழுதணும். அப்பதான் கலைக்க முடியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏட்டில் மூன்று கட்டம் கொண்ட பக்கத்தை விரித்தார். பேரவையில் அவரைத் தடுக்க யாராலும் முடியாது. தொடங்கினார்.

"நிரந்தர ஆலோசகர் காளிமுத்து. நிரந்தர ஆலோசகர் காளிமுத்து. நிரந்தர ஆலோசகர் காளிமுத்து." நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். "காரணம் தெரிவிக்கவில்லை."

"நிரந்தர ஆலோசகர் முனியம்மா."

ஒரு மணி நேரத்தில் ஐம்பது பெயர்தான் ஆனது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவர் தன் பெரியப்பாவின் பெயர் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் எழுந்து போகப் பார்த்து, கதவருகில் ஒரு பெயரைக் கேட்டு நின்றுவிட்டார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு மீ கோரெங் வந்தது. யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"நிரந்தர ஆலோசகர் பெத்தம்மாள்."

தலைவர் தலை தூக்கினார். "எங்கம்மா பேருகூடப் பெத்தம்மாள்தான்."

"ஒங்க ஆத்தாதான்" என்றார் சாமிக்கண்ணு பின்வரிசையிலிருந்து. "நூத்தி நாப்பத்தி மூணு. வேலிக்கு உள்ளதான் இருக்கு. போய்ப் பாருங்க."

"நிரந்தர ஆலோசகர் பெத்தம்மாள்" என்றார் உஷாராணி இரண்டாவது தடவையாக.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கர்ச்சீப்பை எடுத்தார், நெற்றியைத் துடைத்தார், இருளாண்டியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"எங்கம்மாவை உள்ள கொண்டுவந்தது எந்த அணி?"

உஷாராணி மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். காரணம் தெரிவிக்கவில்லை என்று எழுதினார். மகன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் தெரிவிக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் பட்டியல் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. உஷாராணியின் குரல் கம்மிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நிரந்தர ஆலோசகர் வாணி."

இரண்டு வருடமாக அந்தப் பெயரை யாரும் காந்தன் முன்னால் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. சொல்லியிருக்கிறார்கள், மெதுவாக, கடந்து போகிற மாதிரி. இப்படி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டதில்லை.

"நிரந்தர ஆலோசகர் வாணி."

மண்டபத்தின் கதவு திறந்தே இருந்தது. வெளியே வெயிலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பத்தொன்பது பேரும் வாசலைப் பார்த்தார்கள். சாமிக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"நிரந்தர ஆலோசகர் வாணி."

உஷாராணி ஏட்டைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"வரல" என்றான் காந்தன்.

அவர் நிமிர்ந்தார். காலையிலிருந்து அவருக்குப் பதில் சொன்ன முதல் ஆள்.

"காரணம்?"

"வேலைக்குப் போனா."

உஷாராணி குனிந்து, இருநூற்றுப் பதினொரு வரிகளுக்குக் கீழே நிதானமாக எழுதினார். எழுதியதை ஊதிக் காயவைத்தார்.

"விடுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றார்.